எஸ்பிரெசோவுக்கு எந்தக் கோப்பிக் கொட்டை? சப்ரகமுவவிலிருந்து ஒரு குறிப்பு

கேகாலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த என் அம்மாயி, 1977 வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனார். அங்கும் கொட்டையைக் கருக வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து, உரலில் இடித்துத்தான் கோப்பி போட்டார். சிறிய எஸ்பிரெசோ மெசின் ஒன்றை வாங்கியதும், யட்டியாந்தோட்டைச் சொந்தக்காரர் தந்த அதே மாதிரித் தூளைத்தான் அதில் போட்டேன். வடி அடைத்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாக வந்ததும் கைத்தது.

பிழை தூளில் இல்லை, என் தெரிவில். எஸ்பிரெசோ என்பது 90 முதல் 96 பாகை வெந்நீரை, ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், அரை நிமிடத்துக்குள் தூளினூடாகத் தள்ளுவது. கொட்டையின் நல்லதும் கெட்டதும் செறிவாகவே கோப்பைக்கு வந்துவிடும்.

கடையில் முதலில் இனத்தைப் பாருங்கள். உயரமான குளிர்ந்த மலைகளில் விளையும் அராபிக்கா மென்மையானது, புளிப்பும் இனிப்பும் கொண்டது. தாழ்ந்த, வெப்பமான இடங்களிலும் வளரும் றொபஸ்டா கசப்பானது. கபேயின் ஏறக்குறைய இரு மடங்கு, மேலே படியும் நுரையும் அதிகம். கேகாலை வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்புடன் நிற்பது பெரும்பாலும் றொபஸ்டாதான். பாலுடன் குடிப்பவர்கள் அராபிக்காவுடன் கொஞ்சம் றொபஸ்டா கலந்ததை எடுக்கலாம்.

அடுத்தது வறுத்த திகதி. காலாவதித் திகதி மட்டும் போட்ட பையைத் தவிருங்கள். வறுத்து ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தொடங்கி, ஒன்றரை மாதத்துக்குள் முடிப்பது நல்லது. ஆரம்பத்தில் நடுத்தர அல்லது அதைவிடச் சற்றுக் கடுமையான வறுவல் வசதி; இளம் வறுவலில் புளிப்பை அடக்குவது கடினம். தூளாக அல்ல, கொட்டையாக, 250 கிராம் மட்டும் வாங்குங்கள். சிக்கரியோ மல்லியோ கலந்தது மெசினுக்கு வேண்டாம்.

ஊர்க் கொட்டை வாங்கினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிவந்த பழமாகப் பறித்ததா? தரையில் படாமல் காயவைத்ததா? பச்சைக்காய் கலந்தால் துவர்க்கும். ஈரத்தில் கிடந்தால் பூஞ்சண வாடை வரும்.

18 கிராம் தூளுக்கு 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 செக்கன்: இது தொடக்கக் கணக்கு. வேகமாக வடிந்து புளித்தால் இன்னும் நுணுக்கமாக அரையுங்கள். மெதுவாக வடிந்து கைத்தால் சற்றுப் பருமனாக அரையுங்கள்.

ஒரு கேள்வி பாக்கி: இதைப் பறித்தவருக்கு என்ன கிடைத்தது? எங்கள் மூதாதையரைத் தமிழகத்திலிருந்து இந்த மலைகளுக்கு முதலில் இழுத்துவந்தது தேயிலை அல்ல, கோப்பி. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. பிறகு தேயிலையும் இறப்பரும் வந்தன, உழைப்பவர்கள் மாறவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. விளைந்த இடத்தையும் விவசாயிக்குக் கொடுத்த விலையையும் சொல்லக்கூடிய விற்பனையாளரிடம் வாங்குவதே என் வழக்கம்.

மல்லிக் கோப்பியை நான் விடவில்லை. தடிமன் வந்தால் கேத்தல்தான், மெசின் அல்ல.