தலையணை உறை தைத்த கணிதப் பேராசிரியர்

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு கணக்கு வாசிக்கட்டும். ‘ஆறு ப்ளஸ் நாலு பை ரெண்டு.’ விடை என்ன?

ஐந்தா? எட்டா? இரண்டும் வரலாம். ஆறும் நாலும் சேர்ந்து கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் ஐந்து. நாலு மட்டும் மேலே இருந்தால் எட்டு. கண் உள்ளவருக்கு அந்தச் சின்னக் கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடும். காதுக்குக் கோடு கேட்குமா?

பார்வையற்ற பிள்ளைகளைக் கணக்கு வகுப்புக்கு வெளியே நிறுத்தியது மூளை அல்ல சார், இந்தக் கோடுதான். மூளைக்கு சாட்சி வேண்டுமென்றால் நிக்கோலஸ் சாண்டர்சன் இருக்கிறார். குழந்தையிலேயே அம்மையில் பார்வை போனவர். 1711-ல் கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த அதே கணிதப் பேராசிரியர் பதவிக்கு வந்தார். துளைகள் போட்ட பலகையில் குண்டூசி குத்தி, விரலால் தடவியே கணக்குப் போட்டார்!

ஆனால், ஊருக்கு ஒரு சாண்டர்சன் பிறப்பாரா என்ன? மற்றவர்களுக்கு என்ன வழி?

அமெரிக்காவில் ஆபிரகாம் நெமத் என்று ஒருவர். 1918-ல் நியூயார்க்கில் பிறந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. கணிதம் என்றால் உயிர். ‘அதெல்லாம் உனக்கு ஒத்துவராது’ என்று பெரியவர்கள் தடுக்க, உளவியலில் எம்.ஏ. முடித்தார். பலன்? வேலை இல்லை. தலையணை உறை தைத்தார். மதுக்கடைகளில் பியானோ வாசித்தார்.

மனைவி ஃப்ளோரன்ஸ்தான் கேட்டார். வேலையில்லாத உளவியல்காரராக இருப்பதைவிட, வேலையில்லாத கணிதக்காரராக இருந்துவிட்டுப் போகலாமே?

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. திரும்பவும் கல்லூரிக்குப் போனார். போர் முடிந்து திரும்பிய ராணுவ வீரர்களுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவர்கள் போர்டில் எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். இவர் விளக்குவார். அப்படியே ஆசிரியர் வேலையும் வந்தது.

பிரச்னை எங்கே என்றால், அவர் படித்த பிரெய்லியில். ஆறு புள்ளிகளை வைத்து 63 வடிவங்கள்தான் போட முடியும். ‘ஏ’ என்ற எழுத்துக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் ஒரே புள்ளி. அல்ஜீப்ராவில் இது ஆகிற காரியமா? நெமத் எண்களை ஒரு வரிசை கீழே இறக்கினார். பின்னம் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்பதற்குத் தனி அடையாளம் வைத்தார். தன் சொந்த உபயோகத்துக்குச் செய்ததுதான். 1952-ல் ‘நெமத் குறியீடு’ என்ற பெயரில் அது வெளியானது. 1955-ல் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 30 வருஷம் பாடம் நடத்தினார். கம்ப்யூட்டர் பாடம் உட்பட!

விரலுக்கு வழி பிறந்தாகிவிட்டது. காதுக்கு?

அதற்கு நம் நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். டி.வி. ராமன். பதினான்கு வயதில் பார்வை போயிற்று. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தார். 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்த மென்பொருள், கணிதச் சமன்பாடுகளை வாய்விட்டு வாசித்தது. அடுக்கு எண் வந்தால் குரலின் சுருதி மாறும். நீளமான சமன்பாட்டைத் துண்டு துண்டாக நிறுத்திக் கேட்கலாம். அந்த மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் ‘ஆஸ்டர்’. அவரை அழைத்துப்போன வழிகாட்டி நாயின் பெயர்!

இன்றைக்குத் திரையை வாசிக்கும் மென்பொருள் இருக்கிறது. புள்ளிகள் தானாக எழும்பும் பிரெய்லி கருவி இருக்கிறது. வரைபடம் மேலே ஏறினால் ஒலியும் ஏறுகிறது. ஆனால், கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் கணக்கு வந்துவிடாது. நான் காமர்ஸ் படித்தவன். கால்குலேட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் ஆடிட்டர் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். முதலில் விரலுக்குக் குறியீடு பழக வேண்டும். பிறகு சமன்பாட்டைத் தானே டைப் செய்யப் பழக வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. புத்தகத்தின் பக்கத்தைப் போட்டோ பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ‘பாடம் ரெடி’ என்பார்கள். திரைவாசிப்பானுக்கு சமன்பாடு அதற்குரிய எழுத்தாக, கட்டமைப்போடு இருக்க வேண்டும். போட்டோவில் இருந்தால் ஊமைதான். மறுபடியும் அந்தக் கோடு!

நீங்கள் ஆசிரியரா? ஒரு பைசா செலவில்லாத உதவி ஒன்று இருக்கிறது. போர்டைக் காட்டி ‘இதையும் இதையும் கூட்டி, இதால வகுத்தா’ என்று சொல்லாதீர்கள். ‘பின்னம் ஆரம்பம். மேலே ஆறு ப்ளஸ் நாலு. கீழே ரெண்டு. பின்னம் முடிந்தது’ என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ‘அஞ்சு சார்!’ என்று குரல் வரும்.