வீட்டில் ஒலிப்பதிவு அறை: எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமல் விடுவது

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகள் பலர் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் படிக்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதானதும் சிலர் தாங்களே பாட்டமைத்து வீட்டிலேயே பதிய ஆசைப்பட்டு, ஒரு நீண்ட பொருட்பட்டியலோடு வந்து நிற்பார்கள். அதைக் கண்டு மலைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் இசைக்காரன் அல்ல. வர்த்தகம் படித்து, கணக்கெழுதிப் பிழைப்பவன். மகனுக்காக மூன்று வருடத்தில் வாங்கிய சாமான்களின் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. அதில் எவ்வளவு வீணானது என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் முதலில் வாங்கியது 380 பவுணுக்கு ஒரு கொண்டென்சர் மைக். பாடகர்கள் பாவிப்பது இதைத்தான் என்றார் கடைக்காரர். பொய்யில்லை. அந்த வகை மைக் மிக நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும்; வினையும் அதுதான். ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்த அம்மாவை மைக்கிலிருந்து மூன்றடி தள்ளி இருத்தி, தாலாட்டும் வயல் பாட்டுமாகப் பதினொரு பாட்டுப் பதிந்தோம். "தம்பி, ஒருக்காப் போட்டுக்காட்டு" என்றா. போட்டால், குரலுக்கு அடியில் பிரிட்ஜின் முனகல், சூடாக்கிக் குழாயின் இரைச்சல், தெருவில் பஸ். பிறகு திரும்பப் பதியலாம் என்று விட்டுவிட்டோம். அடுத்த மாரியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பாட்டு நின்றுபோனது. இரைச்சலை எடுக்கும் மென்பொருள்கள் உண்டுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் குரலின் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது.

ஆகவே பட்டியலில் முதலாவது அறை. அதற்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. வெறும் சுவரும் பலகைத் தரையுமான அறை எதிரொலிக்கும். கட்டில், கம்பளம், தடித்த திரைச்சீலை, உடுப்பு அலுமாரி உள்ள படுக்கையறை நல்லது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த குளிர்ப் போர்வையைத் தொங்கவிடுங்கள். ஒட்டும் பஞ்சுத் தகடுகளை விற்பார்கள். அவை அறைக்குள் எழும் கூர்மையான எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுக்கமாட்டா. பதியும் நேரம் சூடாக்கியையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். பிரிட்ஜை நிறுத்தும்போது கார்த் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். இது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம்: திரும்பப் போட மறந்தால் வெளியே போகமுடியாது.

அடுத்தது மைக். அமைதியான அறை இல்லாத வீடுகளுக்கு டைனமிக் வகையே போதும். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 என்பது 1966இல் வந்தது. நம் கோவில் மேடைகளிலும் மண்டபங்களிலும் கண்டிருப்பீர்கள். வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாடவேண்டும். அதன் பின்புறம் சத்தத்தைக் குறைவாகவே எடுப்பதால், பின்புறத்தை யன்னல் பக்கம் திருப்பிவைக்கலாம்.

மைக்கைக் கணினியோடு இணைக்க ஓடியோ இன்ரர்பேஸ் என்ற சிறு பெட்டி வேண்டும். இரண்டு மைக் செருகக்கூடியதாக வாங்குங்கள்; மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று வைக்கலாம். பின்னாளில் கொண்டென்சர் வாங்கினால் அதற்கு 48 வோல்ற் மின்சாரம் தேவை. பெட்டியில் அது உண்டா என்று பாருங்கள். தன் குரலைத் தாமதமின்றிக் கேட்க உதவும் நேரடிக் கேட்பு வசதியும் இருக்கவேண்டும். ஒருவர் பேச்சை மட்டும் பதிவதானால் பெட்டியே வேண்டாம், யூ.எஸ்.பி. மைக் போதும்.

ஹெட்போன் காதை முழுதாக மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையென்றால் சுருதிப்பெட்டிச் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். ஸ்பீக்கர்களை இப்போதைக்கு விடுங்கள். சிறிய அறையில் தாழ்ந்த ஒலி மூலைகளில் தேங்கி ஏமாற்றும். பொதுச்சுவர் வீட்டில் அயலவரோடு பிணக்கும் வரும். மிடி கீபோர்ட் கேட்டால், பெரும்பாலானவற்றுக்குச் சொந்தச் சத்தம் இல்லை, கணினிதான் ஒலியைக் கொடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கமகம் வேண்டுமென்றால் சுருதியை வளைக்கும் சில்லு உள்ளதாக எடுங்கள்.

மென்பொருளுக்குக் காசை முந்திக் கொட்டவேண்டாம். ஓடாசிற்றி இலவசம். அப்பிள் கணினி உள்ளவர்களுக்கு கராஜ்பான்ட் இலவசம். ரீப்பர் 60 நாள் சோதித்துப் பார்க்கத் தருகிறது. பிறகு தனிப்பட்ட பாவனைக்கு 60 டொலர். மாதச் சந்தா கேட்பவற்றில்தான் கணக்குப் பார்க்கவேண்டும். மாதம் 12 பவுண் என்றால் சின்னத்தொகை மாதிரித் தெரியும். ஐந்து வருடத்துக்கு அது 720 பவுண். சந்தாவை நிறுத்தினால் பழைய வேலைகளைத் திறக்கமுடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். களவாக உடைத்த பிரதி வேண்டவே வேண்டாம். அதே கணினியில்தானே வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள்!

பதியும்போது 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வையுங்கள். உரத்துப் பாடும் இடத்திலும் அளவுமானி கழித்தல் 12ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டமுடியாது. ஒற்றை மைக்கில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 மெகாபைற் வரும். எம்.பி.3 ஆக மாற்றாமல் வேவ் கோப்பாகவே மூன்று பிரதி வைத்திருங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகள் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு என்னவாயின என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தக் கொண்டென்சரைப் பாதி விலைக்கு விற்றோம். இப்போது இருக்கும் மைக், பெட்டி, ஹெட்போன், தாங்கி, வயர் எல்லாமாக 290 பவுண். அம்மாவின் தங்கை, பாரிஸில் இருக்கும் சின்னம்மா, அதே பாட்டுகளில் ஆறேழு தனக்கும் தெரியும் என்கிறா. மாதக் கடைசியில் வருகிறா. மகன் போர்வையைக் கட்டுவான். கார்த் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைப்பது என் வேலை.