விலையுயர்ந்த கணினியும் அதன் பெறுமதியும்

2019 டிசம்பரில் அப்பிள் நிறுவனம் மக் புரோ என்னும் மேசைக் கணினியை விற்பனைக்கு விட்டபோது அதன் ஆரம்ப விலை 5,999 டொலர். அதனுடன் வெளிவந்த திரையை நிறுத்தி வைக்கும் தாங்கிக்கு மட்டும் 999 டொலர். உயர்தர உறுப்புகள் யாவற்றையும் சேர்த்தால் விலை 50,000 டொலரைத் தாண்டியது. ஒரு கணினிக்கு இவ்வளவு பணமா என்று பலரும் நகைத்தனர். ஆனால் இக்கேள்வி புதியதன்று. பத்திரிகைத் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இதற்கான விடையை அச்சுத்தொழிலின் வரலாற்றிலேயே தேடுகிறேன்.

1983 ஜனவரியில் இதே நிறுவனம் லிசா என்ற கணினியை 9,995 டொலருக்கு அறிமுகம் செய்தது. சாளரங்கள், சுட்டி எனப் பின்னாளில் உலகமே பழகிக்கொண்ட வசதிகள் அதில் இருந்தன. ஆயினும் அது தோற்றது. அலுவலகமொன்றில் அதனால் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று எதுவும் இருக்கவில்லை. 1985இல் அதன் உற்பத்தி நின்றது. 1989இல் ஏறத்தாழ 2,700 லிசாக்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லோகன் நகரக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன.

அதே விலைக்கு வேறொன்று வென்றது. 1985இல் லேசர்றைற்றர் அச்சுப்பொறி 6,995 டொலருக்கு வந்தது. அதே ஆண்டில் அல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற பக்கவடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய போல் பிரைனேர்ட், மினியாப்பொலிஸ் நகரப் பத்திரிகை நிறுவனமொன்றில் பணியாற்றியவர். அச்சுக்கூடத்தின் தேவையை அறிந்தவர். மக்கின்ரொஷ் கணினியையும் சேர்த்து மூன்றையும் வாங்க ஏறத்தாழ 10,000 டொலர் ஆகியது. லிசாவின் விலையும் அதுவே. ஆனால் வாங்கியவர்கள் இதை வீட்டுக் கணினியோடு ஒப்பிடவில்லை. பல பத்தாயிரம் டொலர் பெறுமதியான ஒளியச்சுக்கோப்பு இயந்திரங்களோடு ஒப்பிட்டார்கள். அப்போது இது மலிவாகத் தெரிந்தது. சிறு சஞ்சிகையாளரும் தேவாலயமும் தொழிற்சங்கமும் தங்கள் பக்கங்களைத் தாங்களே அமைக்கும் காலம் பிறந்தது.

அந்த மலிவின் விலையை வேறு சிலர் செலுத்தினர் என்பதையும் மறக்கலாகாது. ஈய எழுத்துக்களைத் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் வாசித்து, விரல்நுனியால் வரி வரியாகக் கோத்த அச்சுக்கோப்பாளர்களோடு நான் பணியாற்றியிருக்கிறேன். எங்கள் எழுத்துப் பிழைகளையும் இலக்கணப் பிழைகளையும் சத்தமின்றித் திருத்தியவர்கள் அவர்கள். தமிழ்ப் பத்திரிகைகள் கணினிக்கு மாறியபோது அந்தத் தொழிலும் மறைந்தது. எந்த விலைப்பட்டியலிலும் இந்த இழப்புக்கு இடமில்லை.

1988இல் ஸ்ரீவ் ஜொப்ஸின் நெக்ஸ்ற் நிறுவனம் 6,500 டொலருக்கு ஒரு கணினியை வெளியிட்டது. வணிகத்தில் அது வெற்றி பெறவில்லை. ஆயினும் 1990இல் ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில், ரிம் பேர்ணர்ஸ்-லீ உலகளாவிய வலையை உருவாக்கியது நெக்ஸ்ற் கணினியில்தான். விற்றவருக்கு இலாபம் தராத பொருள் உலகுக்குப் பெரும் பெறுமதி தந்தது.

மீண்டும் மக் புரோவுக்கு வருவோம். 28 கருக்களைக் கொண்ட செயலியுடன் அதன் விலை 12,999 டொலர். 2022 மார்ச்சில் அப்பிள் வெளியிட்ட மக் ஸ்ரூடியோ, 3,999 டொலர் விலையில் அந்தச் செயலியைவிட 60 வீதம் வரை வேகமானது என்று அந்நிறுவனமே அறிவித்தது. இடைப்பட்ட காலம் இரண்டேகால் ஆண்டுகள். ஆனால் 1.5 ரெராபைற் நினைவகமோ தனி அட்டைகளைச் செருகும் வசதியோ தேவைப்பட்டவர்களுக்குப் பழைய இயந்திரமே உதவியது. புதியதன் நினைவகம் 128 ஜிகாபைற்றைத் தாண்டவில்லை.

ஆகவே விலையுயர்ந்த கணினி தன் விலைக்குத் தகுந்ததா என்பதை அதன் வேகத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது. அது எந்த வேலையின் செலவைக் குறைக்கிறது, அந்தச் செலவு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீளுமா என்ற இரண்டையுமே கேட்க வேண்டும். திரைப்படத் தொகுப்பாளர் ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரத்தை மீட்டால் அவருக்கு அது முதலீடு. என்னைப்போல் கட்டுரை எழுதுபவருக்கு அது வெறும் ஆடம்பரம். எழுதுபவனின் தாமதத்துக்குக் காரணம் ஒருபோதும் செயலி அன்று.