வொலோஷினைத் தேடிச் சென்றவர்கள்

யெஷிவா என்பது ரபீமாரைப் பயிற்றுவிக்கும் இறையியற் கல்லூரி என்றே நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. 19-ஆம் நூற்றாண்டின் லித்துவேனிய யூதரிடையே ஓர் இளைஞன் எந்த யெஷிவாவைத் தெரிந்துகொண்டான் என்று ஆராய்வோமாயின், கல்வி எதற்காக என்னும் வினாவுக்கு அவன் கண்ட விடையே அத்தெரிவில் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

முற்காலத்தில் தெரிவுக்கு அதிக இடமில்லை. ஊர் ரபீ சில மாணவரை வைத்துக் கற்பித்தார். ஊரார் முறைவைத்து, நாளுக்கொரு வீட்டில் அவர்களுக்கு உணவளித்தனர். வில்னா காவோனின் சீடராகிய ரபீ ஹாயிம், இன்று பெலாரூஸ் நாட்டிலுள்ள வொலோஷினில் 1803-இல் நிறுவிய யெஷிவா இம்முறையை மாற்றிற்று. தூதுவர் தொலைநகரங்களுக்குச் சென்று காணிக்கை திரட்டினர். மாணவர் உதவித்தொகை பெற்று வாடகைக்கு இடம்பிடித்துத் தங்கினர். அந்நியர் வீட்டு வாசலில் உணவுக்காகக் காத்து நிற்கும் சிறுமை நீங்கிற்று. இதனை நாம் அற்பமாக எண்ணலாகாது; வறிய மாணவனுக்கு இதுவே பெரிய விடுதலையாயிருந்தது.

ரபீப் பட்டம் வழங்குவது வொலோஷினின் நோக்கமன்று. தோராவை அதற்காகவே கற்க வேண்டும் என்பதே ரபீ ஹாயிமின் கொள்கை. அவர் மறைந்தபின் 1824-இல் வெளிவந்த ‘நெபெஷ் ஹாஹாயிம்’ என்னும் நூலில் இதனை விரிவாகக் காணலாம். அங்கே இரவும் பகலும் தல்மூதுப் படிப்பு ஓயாது நடைபெற்றது என்று மரபு கூறும். தேர்வும் பட்டமும் பணிநியமனமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சூழலில் வாழும் நமக்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். நெட்சிவ் என வழங்கப்பெற்ற நப்தலி ஸ்வி யூதா பெர்லின் தலைவராயிருந்த காலத்தில், மாணவர் தொகை ஏறக்குறைய 400 வரை உயர்ந்தது.

எல்லோரும் ஒரே நோக்குடன் வந்தனர் என்றும் கூறுவதற்கில்லை. பின்னாளில் எபிரேயக் கவிஞராகப் புகழ்பெற்ற பியாலிக், தல்மூதுடன் பொதுக்கல்வியும் அங்கே கிடைக்கும் என்று நம்பி 1890-இல் சென்றார். அது கிடைக்காமையால் 1891-இல் ஒதெஸ்ஸா நகருக்குப் புறப்பட்டுவிட்டார். ஆயினும் விடாது கற்கும் மாணவனைப் பற்றிய ‘ஹாமத்மீத்’ என்னும் அவரது கவிதை அந்த யெஷிவாவிலிருந்தே பிறந்தது.

1892-இல் ருஷ்ய அரசு வொலோஷினை மூடிற்று. பொதுக்கல்விக்குப் பெரும்பகுதி நேரத்தை ஒதுக்கவும், இரவுப் படிப்பை நிறுத்தவும் அரசு வற்புறுத்தியது, நெட்சிவ் இணங்கவில்லை. இவ்வளவே பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் அடுத்த தலைவர் யார் என்பது பற்றி மாணவரிடையே எழுந்த கலகமும் வீழ்ச்சிக்குத் துணைசெய்தது என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். தியாக வரலாறுகளில் இத்தகைய பக்கங்கள் எளிதில் மறைந்துபோகின்றன.

பின்னர் மாணவர் வேறிடங்களை நாடினர். தெல்ஸில் வகுப்பு வாரியான ஒழுங்கு இருந்தது. 1905-இல் ரபீ ரைனெஸ் லீதாவில் தொடங்கிய யெஷிவா பொதுக்கல்வியையும் துணிந்து சேர்த்துக்கொண்டது. கொவ்னோ நகரை அடுத்த ஸ்லபோத்காவிலோ போராட்டம் வேறு. இஸ்ரயேல் சலாந்தர் தோற்றுவித்த ‘முசார்’ என்னும் ஒழுக்கப் பயிற்சிக்குத் தல்மூது நேரத்தில் பங்களிக்கலாமா என்பதே அங்கு எழுந்த பிரச்சினை. மாணவரிற் பெரும்பாலோர் கூடாது என்றனர். 1897-இல் யெஷிவா இரண்டாகப் பிரிந்தது. முசாரை ஏற்ற சிறுபான்மையோர் ரபீ நாத்தான் ஸ்வி பிங்கெலுடன் வெளியேறி ‘கெனெசெத் இஸ்ரயேல்’ என்னும் பெயரில் தனியே கற்கத் தொடங்கினர். அதன்பின் ஸ்லபோத்காவுக்கு வந்த இளைஞன், ஒரே ஊரில் இரு வாசல்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவனானான்.