வசனம் வேண்டாம், பாட்டு போதும்: ஜெஸ்ஸி பாண்டின் கதை

இன்னைக்கு எபிசோட்ல ஒரு பாண்ட் வர்றாங்க. ஜேம்ஸ் இல்ல, ஜெஸ்ஸி. துப்பாக்கி கிடையாது, ஆனா லண்டன்ல 1880-கள்ல இந்த அம்மா மேடையில முதுகைக் காட்டித் திரும்பி நின்னாலே கேலரி கைதட்டும். ஏன் முதுகைக் காட்டினாங்கன்னு போகப் போகச் சொல்றேன்.

முதல்ல ஒரு சின்ன பின்னணி. கில்பர்ட், சல்லிவன் என்ற இரண்டு பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். டபிள்யூ. எஸ். கில்பர்ட் கதையும் பாட்டு வரிகளும் எழுதுவார், ஆர்தர் சல்லிவன் மெட்டுப் போடுவார். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து வேலை வாங்கிய தயாரிப்பாளர் ரிச்சர்ட் டி'ஓய்லி கார்ட். இவர்கள் போட்ட காமிக் ஓப்பராக்கள் விக்டோரியா ராணி காலத்து லண்டனில் சூப்பர் ஹிட். நம்ம ஊரில் ஒரு படம் 100 நாள் ஓடினால் விழா எடுப்போமே, இவர்களுடைய 'மிகாடோ' முதல் ஓட்டத்தில் மட்டும் 672 காட்சிகள் ஓடியது.

புத்தகங்களில் எல்லாம் இந்த மூன்று ஆண்களின் சண்டை சமாதானம்தான் பக்கம் பக்கமாக இருக்கும். எனக்கு அதைவிட அந்த மேடையில் நின்று பாடியவர்கள் மேல்தான் ஆர்வம். அதிலும் ஜெஸ்ஸி மேல் கொஞ்சம் கூடுதலாகவே.

ஜெஸ்ஸி பாண்ட் பிறந்தது 1853 ஜனவரியில், லண்டனில். வளர்ந்தது லிவர்பூலில். சின்ன வயதிலேயே பியானோ, அப்புறம் பாட்டு. பாட்டு கற்றுக்கொள்ளப் போன இடத்தில்தான் வாழ்க்கையின் மோசமான அத்தியாயம் தொடங்குகிறது. சர்ச் பாடகர் குழுவை நடத்திய ஷாஃபர் என்பவர் அவரைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறார். 17 வயதில் கல்யாணம். அதற்குப் பிறகு அடி, உதை, கட்டுப்பாடு. கர்ப்பமாக இருந்த நிலையில் ஜெஸ்ஸி அந்த வீட்டை விட்டு வெளியேறி அப்பா அம்மாவிடம் திரும்பி வருகிறார். பிறந்த குழந்தை சில வாரங்களில் இறந்துவிடுகிறது.

இதெல்லாம் நடந்து முடியும்போது அவருக்கு வயது 18.

அப்புறம் விவாகரத்து. இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக் கேளுங்க. அன்றைய இங்கிலாந்தில் 1857-ல் வந்த சட்டப்படி, மனைவிக்கு வேறு தொடர்பு இருந்தது என்று நிரூபித்தால் கணவனுக்கு விவாகரத்து கிடைத்துவிடும். மனைவிக்கு அது போதாது. கணவனுக்கு வேறு தொடர்பு இருந்தது என்பதோடு கொடுமைப்படுத்தினான் என்றோ, விட்டுவிட்டு ஓடிப்போனான் என்றோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். ஒரு இளம்பெண் கோர்ட்டில் போய் இதையெல்லாம் சொல்லி விடுதலை வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் விவாகரத்தான பெண் என்றால் 'நல்ல குடும்பங்கள்' கதவைச் சாத்திக்கொள்ளும். சம்பாதித்தே ஆக வேண்டிய நிலை. கையில் இருந்தது குரல் மட்டும்தான்.

லண்டன் வந்து ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படிக்கிறார். ஆசிரியர் மானுவேல் கார்சியா. தன் குரல்வளை எப்படி வேலை செய்கிறது என்று தானே பார்ப்பதற்குக் கண்ணாடி வைத்துக் கருவி கண்டுபிடித்தாரே, அதே கார்சியா. இன்றைக்கும் தொண்டை டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள். மனுஷன் 101 வயசு வரை வாழ்ந்தார், அவருக்கே தனி எபிசோட் போடலாம்.

ஜெஸ்ஸி கச்சேரிப் பாடகியாகத்தான் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார். மெஸ்ஸோ-சொப்ரானோ குரல். நடிப்பு என்பது அவர் யோசித்தே பார்க்காத விஷயம். 1878 மே மாதம் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' மேடையேற இருந்த நேரம். ஹீப் என்ற வேஷத்துக்கு வைத்திருந்த நடிகை விலகிவிட்டார். திரை தூக்கச் சில நாட்களே பாக்கி. கார்ட் ஜெஸ்ஸியைக் கூப்பிடுகிறார்.

ஜெஸ்ஸி சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பாடுவேன், வசனம் பேச மாட்டேன். பயம்! கூட்டத்துக்கு முன்னால் பாடுவது பழக்கம், பேசுவது பழக்கமில்லை. நேரம் இல்லாததால் கில்பர்ட்டும் வேறு வழியின்றி ஹீப்புக்கு எழுதிய வசனங்களை வெட்டிவிட்டார். அதன் விளைவு இன்றைக்கும் தெரியும். 'பினஃபோர்' எங்கே போட்டாலும், ஒரு காட்சியில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க ஹீப் மட்டும் ஒரு ஓரமாக அழகாக நிற்பார். 140 வருஷத்துக்கு மேலாக அந்தப் பாத்திரம் பேசாமல் நிற்பதற்குக் காரணம் ஒரு புதுமுகத்தின் மேடைப் பயம். எனக்கு ரொம்பப் பிடித்த தியேட்டர் தகவல் இதுதான்.

'பினஃபோர்' 571 காட்சிகள் ஓடியது. அமெரிக்காவில் ஆளாளுக்கு அனுமதி இல்லாமல் காப்பியடித்துப் போட, அதைத் தடுக்க கம்பெனியே கப்பலேறி நியூயார்க் போனது. ஜெஸ்ஸியும் போனார். 1879 டிசம்பர் 31 இரவு 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' அங்கே முதல்முதலாக மேடையேறியபோது ஈடித் வேஷம் அவருக்கு. இதற்கு நடுவே கணுக்காலில் ஒரு கட்டி வந்து, சிகிச்சை சரியாக அமையாமல், அந்தக் கால் விறைப்பாகவே நின்றுவிட்டது. அந்தக் காலோடுதான் அதற்கு அப்புறம் வந்த எல்லா நடனமும். மைக் லீ இயக்கிய 'டாப்ஸி-டர்வி' (1999) படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அதில் ஜெஸ்ஸியாக வரும் நடிகை கால் வலியோடு உட்கார்ந்திருப்பார்.

1881-ல் கார்ட் புது சவாய் தியேட்டரைக் கட்டுகிறார். முழுக்க மின்விளக்கில் ஒளிர்ந்த உலகின் முதல் பொதுக் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். அடுத்த வருஷம் அங்கே 'அயோலாந்தி'. தலைப்புப் பாத்திரமே ஜெஸ்ஸிக்குத்தான். வானுலகத் தேவதை, மனிதனைக் காதலித்ததால் தண்டனை பெற்றவள். முக்கிய தேவதைகளின் தலையில் பேட்டரியில் எரியும் குட்டி விளக்குகள். அன்றைய ரசிகன் வாயைப் பிளந்திருப்பான். காமெடி என்னன்னா, அவருக்கு மகனாக நடித்த ரிச்சர்ட் டெம்பிளுக்கு வயசு 36. அம்மாவுக்கு 29. தமிழ் சினிமாவுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, விடுங்க.

1885-ல் 'மிகாடோ'. பேர்தான் ஜப்பான், கதை முழுக்க இங்கிலாந்தைக் கிண்டலடிப்பது. மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் சேர்ந்து வரும் புகழ்பெற்ற பாட்டு இருக்கிறதே, அதற்குக் காரணமே லியோனோரா பிரஹாம், ஜெஸ்ஸி பாண்ட், சிபில் கிரே மூன்று பேரும் குள்ளமாக, ஒரே உயரத்தில் இருந்ததுதான். நைட்ஸ்பிரிட்ஜில் அப்போது நடந்துகொண்டிருந்த ஜப்பானியக் கிராமக் கண்காட்சியிலிருந்து ஆள் வரவழைத்து, எப்படி நடப்பது, விசிறியை எப்படி விரிப்பது, எப்படிச் சிரிப்பது என்று கில்பர்ட் பயிற்சி கொடுக்க வைத்தார்.

மூன்று பேருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி உயரம். அப்போ தனியாத் தெரியறது எப்படி? ஜெஸ்ஸி உடை தைக்கும் அம்மாவிடம் ரகசியமாகப் பேசி, தன் இடுப்புப் பட்டையின் பின்முடிச்சை மட்டும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தைக்க வைத்தார். மேடையில் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ரசிகர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அந்த முடிச்சை ஆட்டுவார். கேலரி அலறியது. வேலை போகிற நிலை வரை வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன் வசனம் பேசவே பயந்த பெண் இவர்!

கில்பர்ட் ஒத்திகையில் சர்வாதிகாரி. விரல் அசைவு வரைக்கும் அவர் சொன்னபடிதான். ஆனால் சவாய் தியேட்டரில் நடிகைகளுக்கு ஒரு பாதுகாப்பும் இருந்தது. ஒருநாள் பாக்ஸ் சீட்டில் இருந்த நாலு இளவட்டங்கள், காட்சி முடிந்ததும் சாப்பிட வா என்று ஜெஸ்ஸிக்குச் சீட்டு அனுப்பினார்கள். விஷயம் கில்பர்ட்டுக்குத் தெரிந்தது. நேராக அந்த பாக்ஸுக்கே போய், நீங்களாகப் போகிறீர்களா, ஆள் வைத்துத் தூக்கிப் போடவா, இல்லை மேடையில் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டு ஆட்டத்தை நிறுத்தவா என்று கேட்டார். கிளம்பிவிட்டார்கள். அப்பா மாதிரி காப்பாற்றினார் என்று இதைப் படிக்கலாம். எனக்கு வேறு ஒன்றும் தோன்றும்: நடிகை என்றால் கூப்பிட்டால் வருவாள் என்று நினைத்த ஊரில், கௌரவமான வேலையிடம் என்ற பெயர் கார்ட் கம்பெனிக்கு வியாபார ரீதியாகவும் தேவைப்பட்டது. குடும்பத்தோடு வருகிற கூட்டம்தான் அவர்களுடைய வருமானம்.

1888-ல் 'யோமென் ஆஃப் தி கார்ட்'. அதில் வரும் ஃபீபி வேஷத்தை ஜெஸ்ஸியை மனதில் வைத்தே எழுதினார் கில்பர்ட். நீ நடிக்கவே வேண்டாம், இது நீயேதான் என்று அவரிடமே சொன்னாராம். வழக்கமாகத் திரை தூக்கினால் கூட்டமாகக் கோரஸ் நிற்கும். இதில் ஒரே ஒரு பெண், ராட்டையில் நூல் நூற்றபடி. முதல் நாள் இரவு கில்பர்ட்டுக்குக் கை கால் ஓடவில்லை. திரைக்குப் பின்னால் ஜெஸ்ஸியைச் சுற்றிச் சுற்றி வந்து, இது சரியா அது சரியா என்று நச்சரிக்க, கடைசியில் ஜெஸ்ஸியே அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். அவர் போய் வேறொரு தியேட்டரில் வேறொரு நாடகம் பார்த்துவிட்டு, இது முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. சம்பளம்.

1889 டிசம்பரில் 'கொண்டோலியர்ஸ்'. நட்சத்திர நடிகர்களின் பந்தா தாங்காமல், யாருமே பெரிய ஆள் இல்லை என்று ஒன்பது வேஷத்தையும் சமமாகப் பிரித்து எழுதினார் கில்பர்ட். கதையே எல்லாரும் சமம் என்று நம்பும் இரண்டு படகோட்டிகள் பற்றியது. சரியாக இந்த ஓப்பராவுக்குத்தான் ஜெஸ்ஸி வாரம் 20 பவுண்டு போதாது, 30 பவுண்டு கொடுத்தால்தான் நடிப்பேன் என்றார். அன்றைய லண்டனில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு வருஷச் சம்பளமே 20 பவுண்டைத் தாண்டுவது அரிது. அதனால் இது பெரிய பணம்தான். ஆனால் தியேட்டர் தினமும் நிரம்புவதில் தன் பங்கு என்ன என்று அவருக்குத் தெரியும். கில்பர்ட் கூடாது என்றார். கார்ட் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொடுத்துவிட்டார். ஒத்திகையில் ஜெஸ்ஸி நுழையும்போதெல்லாம், வழிவிடுங்கள், பெரிய சம்பளக்காரர் வருகிறார் என்று கில்பர்ட் எல்லார் முன்னாலும் குத்திக் காட்டுவார். ஜெஸ்ஸி சம்பளத்தை வாங்கிக்கொண்டு தன் பாட்டைப் பாடினார்.

அடுத்த வருஷமே தியேட்டருக்கு வாங்கிய தரைவிரிப்புச் செலவில் கில்பர்ட், கார்ட், சல்லிவன் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். நடிகையின் பத்து பவுண்டை நக்கலடித்தவர் 140 பவுண்டு கம்பளத்துக்காகக் கோர்ட் வரை போனார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் இல்லாத சவாயில் 1891-ல் வந்தது 'நாட்ச் கேர்ள்'. கதை நடப்பது இந்தியாவில், ஊர் பெயர் சட்னிப்பூர். சத்தியமா நான் சொல்லல, அவங்க வெச்ச பேரு. ஜெஸ்ஸியின் பாத்திரம் சின்னா லூஃபா. லூஃபா என்றால் குளியலறையில் தேய்க்கும் பீர்க்கங்கூடு. நம்ம காதுக்கு அது 'சின்னப் பீர்க்கங்காய்' என்று கேட்கிறது. லண்டனில் நடனப்பெண் என்றால் கலர்ஃபுல் கேளிக்கை. அதே காலத்தில் மெட்ராஸில் சதிர் ஆடும் பெண்களை விழாக்களுக்கு அழைக்கக் கூடாது என்ற 'நாட்ச்' எதிர்ப்பு இயக்கம் சூடுபிடித்தது. 1893-ல் வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் மனுவே போனது. அங்கே ஆட்டம் 200 காட்சிகள், இங்கே ஆடியவர்களின் பிழைப்புக்கே ஆபத்து.

அதன் பிறகு சக நடிகர் ரட்லண்ட் பாரிங்டனோடு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம், வேறு சில நாடகங்கள், 'மிகாடோ' மறுபடி வந்தபோது அதே பழைய வேஷம். 1897-ல் மேடையை விட்டார். லூயிஸ் ரான்ஸம் என்ற சிவில் இன்ஜினியரைக் கல்யாணம் செய்யப் போகிறேன் என்று சொன்னதும் கில்பர்ட்டுக்குக் கோபம், முட்டாள் பெண்ணே என்று திட்டினார். ஜெஸ்ஸியின் பதில்: உங்களுக்கு வயசான பெண்களைப் பிடிக்காது என்று நீங்களே சொல்வீர்கள், எனக்கும் சீக்கிரம் வயசாகும், அப்போது நீங்கள் என்னைக் காப்பாற்றுவீர்களா? அவர் தயங்கியதும் ஜெஸ்ஸியே சொன்னார், சரி, காப்பாற்றுகிறவரிடம்தான் நான் போகிறேன்.

முதல் கல்யாணத்தின் அடி வாங்கியவர், 44 வயதில் இரண்டாவதைத் தானே தேர்ந்தெடுத்தார். நியூவார்க் என்ற சிறிய ஊரில் குடும்ப வாழ்க்கை. 1922-ல் கணவர் இறந்தார். 1930-ல் ஈதல் மெக்ஜார்ஜ் என்பவரிடம் தன் கதையைச் சொல்லி நினைவுப் புத்தகமாகக் கொண்டுவந்தார். நான் சொன்ன பல சம்பவங்கள் அதில் அவர் சொன்னவைதான். வயசான காலத்தில் சொன்னது, அதனால் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம்.

லண்டனில் கிராமபோன் கம்பெனி பாடகர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது 1898-ல். ஜெஸ்ஸி விலகி ஒரு வருஷம் கழித்து. 1942 ஜூனில், உலகப்போர் நடுவே, வொர்திங் என்ற கடற்கரை ஊரில் 89 வயதில் இறந்தார்.

அடுத்த எபிசோட்ல, போற போக்குல சொன்ன அந்த அமெரிக்கக் காப்பி விவகாரம்: 'பினஃபோர்' திருட்டைத் தடுக்க ஒரே நாடகத்தை ரெண்டு நாட்டுல, ஒரு நாள் இடைவெளியில முதல் காட்சி போட்ட கதை. கேட்டுட்டு எழுதுங்க.