மேல்படி இல்லாத ஏணி

2018-19 சீசனில் தமிழ்நாட்டுக்கு இரண்டு பெரிய கால்பந்து அணிகள் இருந்தன. ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. ஐ-லீகில் சென்னை சிட்டி எஃப்.சி. சீசன் முடிந்தபோது முதலாவது தன் லீகில் கடைசி இடம், பத்து அணிகளில் பத்தாவது. இரண்டாவது தன் லீகின் சாம்பியன். அடுத்து என்ன நடக்கும் என்று இங்கிலீஷ் லீக் பார்க்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான்: கடைசி அணி இறங்கும், முதல் அணி ஏறும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த வருஷமும் இரண்டு அணிகளும் இருந்த இடத்திலேயே ஆடின. அதற்குப் பிறகு இரண்டே வருஷத்தில் சாம்பியன் அணி தேசிய லீகிலேயே இல்லாமல் போனது.

அந்த சீசனை இன்று யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால் முதலில் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சென்னை சிட்டி 2016 டிசம்பரில் நேரடி நுழைவு மூலம் ஐ-லீகுக்குள் வந்த அணி. அதாவது கீழ் டிவிஷனில் ஜெயித்து ஏறி வரவில்லை, விண்ணப்பம் போட்டு வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை, பின்னால் தேவைப்படும். முதல் இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். முதலில் சென்னையில் ஆடியது, பிறகு கோவைக்கு வீடு மாறியது. 2018இல் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் கோச். அவருடைய அணியில் பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா என்று ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிப் பழகியவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் ரெஜின் போன்ற நம்மூர்ப் பையன்கள்.

மான்சி அந்த சீசனில் அடித்தது 21 கோல். பந்தைத் தரையோடு வைத்து, சின்னச் சின்ன பாஸாகக் கோர்த்து ஆடுகிற அணி. ஐ-லீகில் அதுவரை பரவலாக இருந்த 'தூக்கி அடி, ஓடிப் பிடி' ஆட்டத்துக்கு நேர் எதிர்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, நூற்றாண்டு காணப்போகும் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவை நேரு ஸ்டேடியத்தில் எதிரணி முந்தைய சீசன் சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்கும் அதே பின்னடைவோடுதான் போனார்கள். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா ஒன்று, கடைசி நேரத்தில் இன்னொன்று. 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை 2-1 என்று ஜெயித்திருந்தது. இறுதிக் கணக்கு 43-42. ஒரே ஒரு புள்ளி.

அடுத்த மாதம் புவனேஸ்வரில் சூப்பர் கப். அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை, சுனில் சேத்ரியின் பெங்களூருவை, சென்னை சிட்டி 2-1 என்று வெளியேற்றியது. ஐ-லீக் அணிகளுக்குத் தரம் போதாது என்கிற வாதத்துக்கு மைதானத்திலேயே ஒரு பதில் கிடைத்தது. ஆனால் வாதம் மைதானத்தில் நடக்கவில்லை, ஒப்பந்தத்தில் நடந்தது.

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி-ரிலையன்ஸுடன் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் விளைவாக 2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. அணி வாங்க பணம் கட்ட வேண்டும். பணம் கட்டியவரை ஒரு மோசமான சீசனுக்காகக் கீழே இறக்க முடியாது, இறங்குவோம் என்று தெரிந்தால் யாரும் அவ்வளவு பணம் கட்டவும் மாட்டார்கள். தொழில்முறையில் பார்த்தால் இது புரிந்துகொள்ளக்கூடிய கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கம் ஐ-லீகின் தலையில் விழுந்தது. மேலே யாரும் இறங்கவில்லை என்றால் கீழே இருப்பவன் ஏற இடம் கிடையாது.

2019 அக்டோபரில், அதாவது சென்னை சிட்டி ஜெயித்து ஏழு மாதம் கழித்து, ஆசியக் கால்பந்து கூட்டமைப்பின் மேற்பார்வையில் ஒரு வரைபடம் போட்டார்கள். 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம். அப்படி முதலில் ஏறியது 2023இல் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். பழைய மினர்வாவின் வாரிசு. கோவையில் 3-1 என்று தோற்ற அதே அணி, நாலு வருஷம் கழித்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போனது.

இடையில் சென்னை சிட்டி என்ன ஆனது? 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1. அந்த மார்ச்சில் கொரோனா. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்தில், ரசிகர்கள் இல்லாமல். சென்னை சிட்டி முதல் ஆறுக்குள் வரவில்லை. 2021-22 ஐ-லீக் அணிப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. ஒரு கிளப் அழிய பல காரணம் இருக்கும். ஏறியிருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயித்த வருஷத்தில் ஒரு முதலாளியிடம், ஒரு ஸ்பான்சரிடம் காட்ட 'அடுத்த வருஷம் நாங்க அங்கே' என்று ஒரு வரி அதனிடம் இல்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

இப்போது மூன்றாம் அடுக்குக்கு வருகிறேன். என் அக்கறை அங்கேதான்.

இந்தியாவில் மூன்றாம் அடுக்கு என்று ஒன்று நிலைத்து நின்றதே சமீபத்தில்தான். தேசிய கால்பந்து லீகின் கடைசி சீசனான 2006-07இல் ஒரு மூன்றாம் டிவிஷன் வந்தது. அடுத்த வருஷம் ஐ-லீக் பிறந்ததும் மறைந்தது. 2022-23இல் ஐ.எஸ்.எல். முதல் படி, ஐ-லீக் இரண்டாவது என்று முடிவானபோது, பழைய ஐ-லீக் இரண்டாம் டிவிஷன் மூன்றாவது படியானது. அடுத்த வருஷம் அதற்கு ஐ-லீக் 2 என்று பெயர். அதற்குக் கீழே நான்காவது படியாக ஐ-லீக் 3. மாநில லீகிலிருந்து அங்கே நுழையலாம்.

படி வந்ததும் ஏறுகிற ஆட்களும் வந்தார்கள். 2023-24இல் ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு ஒரே சீசனில் ஐ-லீக் 3இலிருந்து 2க்கும், 2இலிருந்து ஐ-லீகுக்கும் ஏறியது. கோவாவின் பழைய ராஜா டெம்போவும் கூடவே ஏறியது. அடுத்த சீசனில் டயமண்ட் ஹார்பர். 2022இல்தான் ஆரம்பித்த வங்காளக் கிளப். அதே இரட்டை ஏற்றம், 2025 ஆகஸ்டில் டூரண்ட் கப் ஃபைனல் வரை போய்விட்டது. அதோடு மிசோரமின் சன்மாரியும் ஏறியது. முதல் வருஷம் ஏறியவை டெல்லி எஃப்.சி.யும் ஷில்லாங் லாஜோங்கும். மூன்று சீசன், ஆறு அணிகள். கர்நாடகா, கோவா, வங்காளம், மிசோரம், டெல்லி, மேகாலயா. தமிழ்நாடு இல்லை.

இது நம்மிடம் ஆட்கள் இல்லாததால் இல்லை. நான் பட்டாபிராமில் இருக்கிறேன். மேற்கு லைன் டிரெயின் பிடித்தால் சென்ட்ரல், அங்கிருந்து நடந்தால் நேரு ஸ்டேடியம். இந்த லைன் முழுக்கத் தொழிற்சாலைகளின் லைன். வில்லிவாக்கத்தில் ஐ.சி.எஃப்., அம்பத்தூர் எஸ்டேட், ஆவடியில் டாங்க் ஃபேக்டரி. சென்னை லீக் வளர்ந்ததே இப்படிப்பட்ட அலுவலகங்களின் நிழலில்தான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரி, கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி. சென்னை சிட்டிக்கு முன்னால் தேசிய லீகில் நம் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததே இந்தியன் வங்கி அணிதான், சபீர் பாஷா மாதிரி ஆட்கள் ஆடிய அணி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிற ஒரு பிளஸ் டூ பையன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, டிஸ்ட்ரிக்ட் ஆடினா ரயில்வேல வேலை கிடைக்குமா?" அவன் கேட்டது சரியான கேள்வி. அவனுடைய அப்பா காலத்தில் அதுதான் ஏணி. மைதானம் வழியாக ஒரு நிரந்தர சம்பளம், ஒரு குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். அந்த ஏணி பல குடும்பங்களைத் தூக்கிவிட்டிருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் அது ஆளை ஏற்றும், அணியை ஏற்றாது. அலுவலக அணிக்கு டிக்கெட் விற்கத் தேவையில்லை, ரசிகர் தேவையில்லை, ஊர் தேவையில்லை. தொழில்முறை லீகோ உரிமம் கேட்கிறது: இளையோர் அணி, தகுதி பெற்ற கோச், மைதானம், கணக்கு வழக்கு. மஹிந்திரா யுனைடெட் 2010இல் மூடியது, ஜே.சி.டி. 2011இல். கம்பெனியின் பெயரில் ஓடிய அணி, கம்பெனிக்கு ஆர்வம் போனதும் நின்றது. பக்கத்து மாநிலங்களில் அந்த இடைவெளியில் ஊர்க் கிளப்கள் முளைத்தன. நம்மிடம் முளைத்த ஒன்று சாம்பியனாகி மறைந்தது.

மூன்றாம் அடுக்கு எதற்கு என்பதை வேல்ஸின் ரெக்ஸம் காட்டியது. 1921இல் இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவு தொடங்கியபோதே இருந்த அணி. 2021இல் இரண்டு நடிகர்கள் வாங்கினார்கள். பணம் வந்தது, கேமரா வந்தது, ஆனாலும் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்க முடியவில்லை. 2023இல் ஐந்திலிருந்து நான்கு, 2024இல் மூன்று, 2025இல் இரண்டு. ஒவ்வொன்றையும் ஆடித்தான் ஏறினார்கள். சென்னை சிட்டியை நேரடியாக மூன்று மாடி மேலே லிஃப்டில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து மேலே போக வழியில்லை, கீழே விழுந்தால் தாங்க ஒரு படியும் இல்லை. கோவையில் கோப்பை தூக்க வைத்த அந்த ஸ்பெயின்காரர்களோ கீழ் டிவிஷன்களில் தொழில் கற்றவர்கள். அங்கே நானூறு பேர் பார்க்கிற ஆட்டத்துக்கும் சம்பளம் உண்டு, ஜெயித்தால் மேல் டிவிஷன் உண்டு.

இப்போதும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. 2023-24இல் ஐ.எஸ்.எல்.லில் கடைசியாக வந்த ஹைதராபாத் இறங்கவில்லை. 2024-25 ஐ-லீகின் சாம்பியன் யார் என்பதையே சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் நீதிமன்றம்தான் ஜூலையில் சொன்னது, இன்டர் காசி என்று. அந்த 15 வருஷ ஒப்பந்தமும் முடிவுக்கு வந்து, ஐ.எஸ்.எல்.லே தள்ளாடியது. மேல்படியே ஆடுகிறபோது மூன்றாம் படியைப் பற்றிப் பேசுவது அபத்தமாகப் படலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கீழ்ப்படிகள் மட்டும்தான் இப்போது ஒழுங்காக ஒரு வேலை செய்கின்றன: ஜெயித்தவனை ஏற்றுகின்றன.

அந்தப் பையனுக்கு நான் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பை அனுப்பினேன். அவன் வீட்டுக்கு அதுதான் இன்றைக்கு உதவும். கூடவே டயமண்ட் ஹார்பர் ஆட்டம் ஒன்றின் லிங்க்கையும் அனுப்பினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "இது எந்த ஊரு டீம்ணா?"