எண் இருந்தால் ரகசியம் போச்சா?



எதிரணித் தோழியார் ஒரு கேள்வி போட்டுவிட்டுப் போனார். "வாக்குச்சீட்டிலே எண்ணை அச்சடித்துவிட்டு, ரகசிய ஓட்டு என்று சொன்னால் எப்படி ஐயா?" என்றார். 1996 தேர்தலிலே ஒரு பாட்டி என்னிடம் இதையேதான் கேட்டாங்க. நான் வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி. கல்லூரி வாத்தியாருக்குத் தேர்தல் வேலை தப்புமா? (சிரிப்பு) "நம்பர் இருக்குதே சாமி, யாருக்குப் போட்டேன்னு பண்ணைக்காரர் கண்டுபிடிச்சிர மாட்டாரே?" அந்தப் பயம் சின்னப் பயம் இல்லீங்க. கூலி போகும், குடிசை போகும்.

அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. இங்கிலாந்திலே அப்போது ஊரறிய "என் ஓட்டு இன்னாருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1868 தேர்தல் முடிந்ததும் வேல்ஸ் பகுதியிலே, நிலச்சுவான்தார் சொன்னபடி ஓட்டுப் போடாத குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டே விரட்டினார்கள். 1872-ல் ரகசிய வாக்குச் சட்டம் வந்தது. அதன்படி முதல் நாடாளுமன்ற இடைத்தேர்தல், போன்டிஃப்ராக்ட் என்ற ஊரிலே, ஆகஸ்ட் 15-ஆம் தேதி! வாக்காளனுக்கும் அன்றைக்குத்தான் சுதந்திரம். (கைதட்டல்)

ஆனால் கவனியுங்கள். அதே சட்டம்தான் ஒவ்வொரு சீட்டுக்கும் எண் போடச் சொன்னது. ஏன்? திரை நல்லவனை மறைத்தால், கள்ள ஓட்டுக்காரனையும் சேர்த்தல்லவா மறைக்கும்? பெட்டிக்குள்ளே விழுந்த பிறகு நல்ல ஓட்டுக்கும் கள்ள ஓட்டுக்கும் ஒரே முகம்தானே!

நம் நாட்டு ஏற்பாட்டைப் பாருங்கள். சீட்டிலே ஓர் எண், அடிக்கட்டையிலும் அதே எண். அடிக்கட்டையிலே வாக்காளரின் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்குவோம். வாக்காளர் பட்டியலிலே பெயரைக் குறிப்போம். ஆனால் சீட்டு எண்ணை அங்கே எழுதக் கூடாது, அது விதி. சீட்டு பெட்டிக்குள்ளே போகும். அடிக்கட்டை தனி உறைக்குள்ளே, முத்திரையோடு. நீதிமன்றம் உத்தரவு போடாமல் அந்த உறையை யாரும் பிரிக்க முடியாது. அந்தச் சாவடிக்குத் தராத எண்ணோடு ஒரு சீட்டு வந்தால், எண்ணும்போதே தள்ளிவிடுவார்கள்.

அன்றைக்கே மத்தியானம் ஒருவர் வந்தார். அவர் பெயரிலே வேறொருவன் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவருக்கு வேறு சீட்டு கொடுத்தேன். ஆனால் அதைப் பெட்டியிலே போட முடியாது, தனி உறைதான். "அப்போ களவு போன என் ஓட்டு?" என்றார். "ஐயா, வழக்கு வந்தால் அடிக்கட்டை பேசும். அந்த எண்ணைத் தேடி, அந்தச் சீட்டை நீதிமன்றம் நீக்கலாம்" என்றேன். எண் இல்லாவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? 1980-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது: ரகசியம் வாக்காளரைக் காக்க வந்தது, தேர்தலின் தூய்மையோடு மோதினால் தூய்மைக்குத்தான் முதலிடம்.

இன்றைக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் நமக்கு முன்னாலேயே யாரோ நம் ஓட்டைப் போட்டுவிட்டால், இன்றும் கையிலே தருவது காகிதச் சீட்டுதான்.

பாட்டிக்கு என்ன சொன்னேன்? "பாட்டி, வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று சீட்டு, ஒன்று அடிக்கட்டை. இரண்டையும் சேர்க்கிற அதிகாரம் நீதிபதிக்கு மட்டும்தான். பண்ணைக்காரர் கையிலே ஒரு சாவியும் இல்லை." பாட்டி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. மறைவுக்குள்ளே போய் முத்திரை குத்தினாங்க. சீட்டை எட்டாக மடித்துப் பெட்டியிலே போட்டுவிட்டு, நிமிர்ந்து நடந்து போனாங்க.

நடுவர் அவர்களே, பாட்டியின் ஓட்டை ஊரார் கண்ணிலிருந்து காத்தது ரகசியம்; திருடன் கையிலிருந்து காத்தது எண். இரண்டையும் பிரித்து வைத்துக் காப்பதுதான் மக்களாட்சியின் சாமர்த்தியம் என்று தீர்ப்பு தாருங்கள்.